காதுக்கு இடிக்காத தப்புகள்: எஸ்எஸ்சி ஆங்கிலத்தில் ப்ரோனவுனும் கம்பாரிசனும் என்னைப் படுத்திய பாடு

மத்திய அரசு வேலைகளுக்குப் பட்டதாரிகளை எடுக்க எஸ்எஸ்சி (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டமான டயர் 1-இல் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மார்க், தப்புக்கு அரை மார்க் போகும் என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்பாட்டிங் எரரிலும் (பிழை கண்டுபிடிப்பது) சென்டென்ஸ் இம்ப்ரூவ்மென்ட்டிலும் (வாக்கியத்தைத் திருத்துவது) பதுங்கியிருக்கும் இரண்டு வகைத் தப்புகளை, ப்ரோனவுன் (பிரதிப்பெயர்), கம்பாரிசன் (ஒப்பீடு), பற்றி மட்டும் எழுதுகிறேன். டயர் 2-ம் தாண்டியாகிவிட்டது. ஆனாலும் அவற்றைச் சொல்லிக்கொடுக்கப் பணம் வாங்கியவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஆறவில்லை.

உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஆரப்பாளையம், அங்கிருந்து டவுன் பஸ் மாறி கோச்சிங் வகுப்பு. ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் நான். வொகாபுலரி, இடியம், ஸ்பெல்லிங் எல்லாம் உட்கார்ந்து உருப்போட்டதில் வந்துவிட்டன. கிராமருக்கு அங்கே நடத்தியவர் தந்த உத்தி ஒன்றே ஒன்று: "மனசுக்குள்ள வாசிச்சுப் பாருங்க, எங்க இடிக்குதோ அதுதான் எரர்." வீட்டில் ஆங்கிலம் புழங்குகிற பிள்ளைக்கு ஒருவேளை இடிக்கலாம். எங்களுக்கு எங்கே இடிக்கும்? அதிலும் ப்ரோனவுனும் கம்பாரிசனும் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதுக்கே இடிக்காத தப்புகள். அதனால்தான் தேர்வில் கேட்கிறார்கள்.

அவர்கள் கொடுத்த மெட்டீரியலில் ஒரு வாக்கியம்: "த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சென்னை ஆர் வைடர் தேன் (than) மதுரை." சென்னைத் தெருக்கள் மதுரையைவிட அகலமாம். விடை: நோ எரர். இரண்டு பக்கம் தள்ளி அதே அச்சில் இன்னொரு வாக்கியம், சம்பளத்தைப் பற்றியது. அதற்கு மட்டும் "தேன் தட் ஆஃப்" என்று போட வேண்டுமாம். ஒரே மெட்டீரியலில் ஒரே விதிக்கு இரண்டு விடை. கேட்கப் போனால் முன்மேசையில் இருந்தவர், "சார் கிளாஸ்ல இருக்கார், நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் போனபோது, "ரெண்டாவது தவணை கட்டுனவங்களுக்குத்தான் டவுட் கிளாஸ்" என்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: சந்தேகம் கேட்கத் தனிக் கட்டணமா, மெட்டீரியலில் தப்பு இருந்தால் யார் பொறுப்பு? வாயால் சொல்வதை நம்பாமல் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப மனசில்லாமல் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே நாளிதழ் வாசிக்க வரும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல எதை எதோட ஒப்பிடுறான்?" என்று கேட்டார். தெருவை, ஊரோடு. "தெருவ ஊரோட எப்படிம்மா ஒப்பிடுறது?" அவ்வளவுதான் பாடம். வகுப்பில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

அதற்குப் பிறகு கம்பாரிசன் கேள்வி வந்தால் "தேன்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கமும் இருப்பது ஒரே இனமா என்று பார்ப்பேன். தெரு என்றால் தெரு, மக்கள்தொகை என்றால் மக்கள்தொகை. ஒருமைக்கு "தட் ஆஃப்", பன்மைக்கு "தோஸ் ஆஃப்". இங்கே இன்னொரு குழி இருக்கிறது: "தோஸ் ஆஃப் மதுரை" சரி, "மதுரைஸ்" என்று மட்டும் போட்டாலும் சரி, ஆனால் "தோஸ் ஆஃப் மதுரைஸ்" தப்பு. விடைத் தேர்வுகளில் இந்த மூன்றாவதை வைத்திருப்பார்கள். அவசரத்தில் அதுதான் கண்ணுக்கு அழகாகத் தெரியும்.

"எனி அதர்" விஷயமும் இதே கணக்குத்தான். "சென்னை இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் தமிழ்நாடு" என்றால் தப்பு. சென்னையும் தமிழ்நாட்டு ஊர்தானே, தன்னைவிடத் தானே எப்படிப் பெரிதாக இருக்கும்? "எனி அதர் சிட்டி" வர வேண்டும். அதுவே "இன் கேரளா" என்று முடிந்தால் "அதர்" வரக்கூடாது. மெட்டீரியலில் "எனி வந்தால் அதர் போடு" என்று கட்டம் கட்டி அச்சடித்திருந்தார்கள். அதை நம்பினவர்கள் இரண்டாவது வகைக் கேள்வியில் விழுவார்கள். சீனியர், ஜூனியர், சுப்பீரியர் பின்னால் "டூ" (to) வரும், "மோர் பெட்டர்" கிடையாது, இருவரில் ஒருவர் என்றால் "த டாலர் (taller) ஆஃப் த டூ": இவை எல்லாரும் சொல்லித்தருவார்கள். "ஆஸ் குட் ஆர் பெட்டர் தேன்" என்பதில் ஒரு "ஆஸ்" காணாமல் போயிருப்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. "ஆஸ் குட் ஆஸ் ஆர் பெட்டர் தேன்" என்பதே முழு வடிவம்.

ப்ரோனவுனுக்கு வேறு வைத்தியம் தேவைப்பட்டது. "ஈச் ஆஃப் த கேர்ள்ஸ்" என்றதும் கண் "கேர்ள்ஸ்" மேல் போய் நிற்கிறது. "ஆஃப்" தொடங்கி பெயர்ச்சொல் முடியும் வரை பென்சிலால் அடித்துவிடச் சொன்னார் அந்த ஆசிரியர். மிஞ்சுவது "ஈச்". அது ஒருமை, ஆகவே "ஹாஸ்", "ஹர்". "நைதர் ஆஃப்", "ஈதர் ஆஃப்" இரண்டுக்கும் இதுவே. "ஆஸ் வெல் ஆஸ்", "அலாங் வித்" வந்தால் முதலில் நிற்பவர்தான் கணக்கு; "நைதர்... நார்" வந்தால் கடைசியில் நிற்பவர். "ஒன்" என்று தொடங்கினால் "ஒன்ஸ்" என்றே போக வேண்டும், நடுவில் "ஹிஸ்" நுழைந்தால் அங்கே குறியுங்கள். "ஜூரி" சேர்ந்து தீர்ப்புச் சொன்னால் "இட்ஸ்", ஜூரிக்குள் கருத்து பிரிந்தால் "தேர்" (their).

"எவ்ரிஒன்... தேர்" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நூலகத்தில் ஒரு மதியம் முழுக்க வாதம் நடந்தது. ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்க "தே" சொல்வது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது, இன்றைக்கு நல்ல பத்திரிகைகளும் எழுதுகின்றன. ஆனால் நமது தேர்வுகளின் போக்கு பழைய இலக்கணம். "ஹிஸ்" அல்லது "ஹிஸ் ஆர் ஹர்" எதிர்பார்க்கிறார்கள். என் பழக்கம் இது: வாக்கியத்தில் வேறு தப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுவேன், இல்லை என்றால்தான் "தேர்" மேல் கை வைப்பேன்.

"ரவி டோல்ட் குமார் தட் ஹி ஹேட் பாஸ்ட்" மாதிரி வாக்கியங்களில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் "தான் தேறிவிட்டதாக" என்றால் ரவி, "அவன்" என்றால் பெரும்பாலும் குமார் அல்லது வேறொருவன். ஆங்கில "ஹி"-யில் அந்தப் பிரிப்பு இல்லை. யாரைச் சொல்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால் அந்த ப்ரோனவுன்தான் தப்பு.

தேர்வு நாளில் ஒரு தடங்கல். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பழைய ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருந்தது. அடையாள அட்டையில் முழுப் பிறந்த தேதி இல்லாவிட்டால் பத்தாம் வகுப்புச் சான்று போல இன்னொரு அசல் கேட்பார்கள். அது அட்மிட் கார்டோடு வரும் அறிவிப்பிலேயே இருக்கிறது, சின்ன எழுத்தில். அவள் அப்பா கேட்டுக்கு வெளியே சான்றிதழோடு நின்றதால் தப்பித்தாள். தாளை முடித்து வெளியே வந்ததில் சொல்ல ஒன்றுமில்லை.

விடைக்குறிப்பு வெளிவந்தபோதுதான் எனக்கு நிம்மதி. ஒப்பீட்டுக் கேள்வியில் நான் போட்டதும் ஆணையத்தின் சாவியும் ஒன்று. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு பழைய வகுப்புக்குப் போய், தெரு வாக்கியத்தைக் காட்டினேன். "அடுத்த பிரின்ட்ல பாத்துக்கலாம்மா" என்றார் அதே முன்மேசைக்காரர். புது பேட்ச் பிள்ளைகள் கையில் அதே மெட்டீரியல் இருந்தது. தப்பு விடைகளைத் திருத்திப் பட்டியல் போட்டு பேட்ச் வாட்ஸாப் குழுவில் அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் நீக்கிவிட்டு என்னையும் வெளியேற்றினார்கள். அதற்குள் செக்கானூரணிப் பிள்ளைகள் சிலர் படம் எடுத்து வைத்திருந்தார்கள், அவர்கள் மூலம் மற்றவர்களுக்கும் போயிற்று.

மாதிரித் தேர்வுச் சாவிகளை நம்பாதீர்கள். எஸ்எஸ்சி வெளியிடும் பழைய வினாத்தாள்களையும் இறுதிச் சாவிகளையும் எடுத்து, இந்த இரண்டு வகையை மட்டும் பிரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். டயர் 2-இல் ஆங்கிலம் 45 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 மார்க், தப்புக்கு ஒரு முழு மார்க் போகும்.