"எல்லாம் நார்மல்" என்று போனில் சொன்னார்கள்

"எல்லாம் நார்மல் ஆன்ட்டி. மூணு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்."

என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றிக் கிளினிக் முகப்பில் இருக்கும் பெண் இதைப் போனில் சொன்னது 2024 ஏப்ரலில். அந்த ஒரு வரியை நம்பியிருந்தால் 2027 வரை என் உடம்புக்குள் என்ன நடக்கிறதென்றே எனக்குத் தெரிந்திருக்காது. மனசு இன்னும் ஆறவில்லை. என் வயதில் இருக்கும் பெண்கள் யாராவது படித்தால் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். அம்மாவுக்குப் பதினைந்து வருஷம் இனிப்புநீர், அதாவது நீரிழிவு. கடைசியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார், 61 வயதில். அந்தப் பயத்தில்தான் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்க நோய்த்தடுப்புத் திட்டத்தில் பதிந்துவிட்டேன். சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கு இருந்தால் ஐந்து நிமிட வேலை. முதல் ஆலோசனையும் சுமுகமாக முடிந்தது. பரிசோதனைக்குப் போனபோதுதான் அலைச்சல் தொடங்கியது.

முன்பதிவு காலை 10.30 மணிக்கு. "சாப்பிடாம வாங்க" என்றார்கள், அவ்வளவுதான். நம் வீடுகளில் சாப்பாடு என்றால் இட்லி, தோசை, சோறு. காப்பி அந்தக் கணக்கில் வராது. ஆறரைக்குப் பால் காப்பி குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஊசியைக் கையில் எடுத்த பிறகு மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டார், "ஏதாச்சும் குடிச்சீங்களா?" சொன்னேன். திருப்பி அனுப்பிவிட்டார். அரை நாள் விடுப்பு வீண். எட்டிலிருந்து பத்து மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும்தான் குடிக்கலாம், பாலும் சீனியும் போடாத தேநீர் கூட ஆகாது என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இதற்குக் காலையில் திறந்ததும் வரும் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பசியோடு பத்தரை வரை காத்திருக்க வேண்டாம். இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று காலையில் அதைப் போடலாமா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் முறை இரத்தம் எடுத்தார்கள், இடுப்பை அளந்தார்கள், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

என் கணவருக்கு அப்படி இல்லை. அவர் பிஆர், அதாவது குடியுரிமை பெறாத நிரந்தரவாசி. இருவரும் ஒரே நாளில் திட்டத்தில் பதிந்தோம், முதல் ஆலோசனை அவருக்கும் இலவசம்தான். ஆனால் பரிசோதனைக்கான முழுச் சலுகை குடிமக்களுக்கு மட்டும். முகப்பில் பில்லை நீட்டிய பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. வீட்டில் பிஆர் இருந்தால் முன்கூட்டியே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் போன் வந்தது. "சக்கரை எவ்வளவும்மா?" என்று கேட்டேன். போனில் எண் சொல்ல முடியாது என்றார். அறிக்கையைத் தாருங்கள் என்றேன். நார்மலாக இருப்பவர்கள் யாரும் கேட்பதில்லை, வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் ஹெல்த்ஹப் செயலியில் தேடிப் பார்த்தேன், இருக்கவில்லை.

என் அடையாள அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கணவர் போனார். "அவங்களே வரணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். சனிக்கிழமை நானே போனேன். 12.30-க்கு மூடுகிற கிளினிக்குக்கு 12.40-க்குப் போய்ச் சேர்ந்தேன், கதவு சாத்தியிருந்தது. மூன்றாம் முறைதான் இரண்டு பக்கத் தாள் கைக்கு வந்தது. இரத்தம் கொடுத்த அன்றே "முடிவு வந்ததும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் இருக்காது.

அந்தத் தாளைப் படம் பிடித்துத் திருச்சியில் நர்ஸாக இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். பேருந்தில் வீடு திரும்புவதற்குள் அழைத்துவிட்டாள்.

"அக்கா, வெறும் வயித்துல 5.8-ன்னா நூத்தி நாலு. இதை எங்க ஊர்ல நார்மல்னு எழுத மாட்டாங்க."

இங்கே சக்கரையை மில்லிமோலில் எழுதுகிறார்கள், இந்தியாவில் மில்லிகிராமில். 18-ஆல் பெருக்கினால் அவர்கள் கணக்கு வந்துவிடும். அது எனக்கு முன்பே தெரியும். எனக்குத் தெரியாதது கோடு எங்கே போடுகிறார்கள் என்பதுதான். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100-ஐத் தொட்டாலே நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறது. அதைத்தான் இந்தியாவில் பல ஆய்வகங்கள் அச்சடிக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கோடு 6.1, அதாவது 110. இங்கே பார்ப்பது அதைத்தான். ஆக, முகப்புப் பெண் பொய் சொல்லவில்லை. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் இந்த ஊர்க் கணக்கில் அது நார்மல்தான்.

தங்கை அதோடு விடவில்லை. தாளை ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னாள். இடுப்புச் சுற்றளவு 86 சென்டிமீட்டர், நம் ஆசியப் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் 134-க்கு 86, மேல் எண் 130-ஐயோ கீழ் எண் 85-ஐயோ தொட்டாலே ஒரு புள்ளி. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 2.1, அதற்கு 1.7 கோடு. நல்ல கொழுப்பு எச்டிஎல் 1.1, பெண்களுக்கு 1.3-க்குக் கீழே போகக் கூடாது. வெறும் வயிற்றுச் சக்கரைக்கு இந்தக் கணக்கில் 5.6 கோடு, எனக்கு 5.8.

"அஞ்சுக்கு அஞ்சு அக்கா. மூணு இருந்தாலே மெட்டபாலிக் சின்ட்ரோம்னு சொல்லுவாங்க. தனித்தனியாப் பாத்தா எல்லாம் கொஞ்சம்தான் கூட. சேத்துப் பாக்கணும். இதயத்துக்கு அதுதான் ஆபத்து."

நான் குண்டு இல்லை. 63 கிலோ, உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பிஎம்ஐ 24.6. ஐரோப்பியர்களுக்கு அது சரியான எடை. நமக்கு 23-ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று இங்கே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றைச் சுற்றித்தான் சேர்கிறது. அம்மாவும் அப்படித்தான் இருந்தார்.

மறுபடியும் முகப்பு. "ரிசல்ட் நார்மல், டாக்டரைப் பார்க்கத் தேவையில்லை." பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றேன். பின்னால் வரிசை நீண்டது, நான் நகரவில்லை. அன்று எனக்கு வழக்கமான டாக்டர் இல்லை, வயதான ஒருவர் இருந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது சக்கரை இருந்ததா?"

இருந்தது. 2012-இல், மகன் வயிற்றில் ஏழாவது மாதம். பிரசவத்தோடு போய்விட்டது என்றார்கள். அதனால்தான் பரிசோதனைப் படிவத்தில் "நீரிழிவு உண்டா" என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். கர்ப்பகாலத்தைப் பற்றித் தனியாக யாரும் கேட்கவில்லை. அந்தச் சக்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்றும், பிரசவத்துக்குப் பின் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு சோதனை, அதன் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சோதனை என்று போக வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். வீட்டில் மகனின் தடுப்பூசிப் புத்தகத்துக்கு அடியில் அந்தப் பழைய அட்டை கிடைத்தது. ஆறாவது வாரச் சோதனைக்கான தேதி அதில் எழுதியிருந்தது. நான் போகவில்லை. அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். பிறகு மறந்தே போனது, பன்னிரண்டு வருஷம். உங்களுக்கும் அப்படி இருந்திருந்தால் படிவம் கேட்காவிட்டாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

மூன்று மாதச் சராசரிச் சக்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எடுக்கலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். இரும்புச்சத்து குறைந்திருந்தால் அந்த எண் உண்மையைவிட உயர்ந்து காட்டும், மாத்திரை சாப்பிடச் சாப்பிட இறங்கும், என் விஷயத்தில் அதை நம்ப முடியாது என்று விளக்கினார். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிற சோதனைக்கு எழுதினார். இலவசப் பரிசோதனையில் அது சேரவில்லை, நான்தான் கட்டினேன்.

இந்த இடத்தில்தான் மறுபடியும் கோட்டைவிடப் பார்த்தோம். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை 8.40-க்குக் குடித்தேன். குமட்டியது, அடக்கிக்கொண்டேன். "ரெண்டு மணி நேரம் இருக்கு, வெளிய போய்ட்டு வாங்க" என்றார் முகப்பில். சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கி, வீட்டில் வைத்துவிட்டு, 10.35-க்குத் திரும்பி வந்தேன். வரிசை. 11.10-க்குத்தான் ஊசி போட்டார்கள். முடிவு 7.1. 7.8-க்குக் கீழே இருந்தால் நார்மல். மறுபடியும் அதே சொல்.

டாக்டரிடம் போனபோது நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் முகம் மாறியது. குடித்த பின் நடந்தால் தசைகள் சக்கரையை இழுத்துக்கொள்ளும், நேரமும் அரை மணி தள்ளிப்போயிருக்கிறது, இந்த எண் செல்லாது என்றார். மறுபடி எடுக்க வேண்டும். முகப்பில் மறுபடியும் பில் போட்டார்கள். போகச் சொன்னது நீங்கள், தாமதமாக எடுத்ததும் நீங்கள், ஏன் இரண்டாம் முறை கட்ட வேண்டும் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, அங்கிருந்து நகரவும் இல்லை. டாக்டரே வெளியே வந்து அந்தப் பில்லை நீக்கச் சொன்னார். இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

இரண்டாம் முறை வேறொரு மிஸ்ஸி, பொறுமையான மனுஷி. "அக்கா, மூணு நாளா சோறு குறைச்சீங்களா?" என்று முதலிலேயே கேட்டார். பயத்தில் ஒரு வாரமாகக் குறைத்திருந்தேன். சோதனைக்கு முன் மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிட வேண்டுமாம், இல்லாவிட்டால் முடிவு தவறிப்போகும். அவரே தேதியைத் தள்ளி வைத்தார். அன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குடித்த நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டேன், பத்து நிமிடம் இருக்கும்போதே ஞாபகப்படுத்தினேன். கைபேசியும் ஒரு சால்வையும் கொண்டு போங்கள், ஏர்கான் குளிரில் இரண்டு மணி நேரம் பெரும் பாடு.

முடிவு 10.2. 7.8-லிருந்து 11 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 11.1-ஐத் தொட்டால் நீரிழிவு. விளிம்பில் நின்றிருக்கிறேன்.

கேட்டதும் அழுதுவிட்டேன், அம்மா ஞாபகம். டாக்டர் தண்ணீர் கொடுத்துவிட்டு, இது சரியான நேரத்தில் கிடைத்த செய்தி என்றார். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் இதே நிலையில் இருந்த நம் ஆட்களிடமே ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டதைச் சொன்னார். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் மூன்று வருஷத்தில் நீரிழிவுக்குப் போனது கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. மாத்திரை இப்போது வேண்டாம், எடையில் 5 சதவீதம் குறையுங்கள், வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்க நடங்கள், இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே எழுதி வாருங்கள் என்றார்.

செய்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈசூன் பூங்காவில் அரை மணி நேரம், கணவரும் கூட வருகிறார். கோப்பிக்கடையில் தே சி கோசோங், அதாவது சீனி போடாத பால் தேநீர். சோற்றை நிறுத்தவில்லை, தட்டில் கால் பங்குக்கு இறக்கிவிட்டேன். காயும் மீனும் கூடியிருக்கின்றன. ஐந்து மாதத்தில் 63 கிலோ 59.5 ஆகியிருக்கிறது. இரத்த அழுத்தம் 124-க்கு 80. சக்கரைக்கு அடுத்த சோதனை மார்ச்சில், அதே மிஸ்ஸி இருக்கும் நாளாகப் பார்த்துப் பதிந்திருக்கிறேன்.

பழைய அட்டை, இரண்டு பக்கத் தாள், செல்லாத 7.1, செல்லும் 10.2 எல்லாம் இப்போது ஒரே கோப்பில் இருக்கின்றன. பக்கத்து புளோக் அக்காவுக்கும் அதே கிளினிக்கிலிருந்து "நார்மல்" என்று போன் வந்திருந்தது. அவருக்கும் இரண்டாவது பிரசவத்தில் சக்கரை இருந்ததாம். டாக்டரைப் பார்க்க வைத்து, குளுக்கோஸ் சோதனைக்கு எழுதி வாங்கிவிட்டோம். வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவருக்கு நேரம், நானும் கூடப் போகிறேன். பால் காப்பி குடிக்கக் கூடாது என்று இதுவரை இரண்டு முறை போன் செய்து சொல்லிவிட்டேன். வெள்ளி இரவு இன்னொரு முறை சொல்ல வேண்டும்.