பதில் வராததால் மூடப்பட்டது

2014இல் சென்னை பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கேம் கம்பெனி ஒன்றுக்கு வாடிக்கையாளர் சேவை. விளையாடுகிறவர்கள் புகார் எழுதி அனுப்புவார்கள். அது டிக்கெட்டாக எங்கள் கியூவில் வந்து விழும். நாங்கள் பதில் எழுதுவோம். மாலை ஆறரைக்குத் தொடங்கி அதிகாலை மூன்றரை வரை. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கேம் என்றால் உயிர். கேம் ஆடுகிறவர்களோடு பேசுவதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும் என்று ஆசையோடுதான் சேர்ந்தேன்.

அந்த செப்டம்பரில் கம்பெனி வெளியிட்ட கேம், தனி ஆளாக விளையாடுவது. கூட ஆட இன்னொருவர் தேவையே இல்லை. ஆனாலும் நெட் இல்லாமல் திறக்காது. திறந்த பிறகும் சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சர்வர் பதில் சொல்லாவிட்டால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி முதல் திரைக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். சேவ் எல்லாம், அதாவது எதுவரை ஆடியிருக்கிறார் என்ற பதிவெல்லாம், சர்வரில்தான் இருந்தது. ஆடுகிறவரின் கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை.

வெளியான மூன்றாவது வாரம் எனக்கு ஒரு டிக்கெட் வந்தது. எழுதியவர் பிலிப்பைன்ஸ்காரர், சரக்குக் கப்பலில் என்ஜினியர். பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது எழுதியிருந்தார். கப்பலில் மெயில் பார்க்கும் அளவுக்குத்தான் சாட்டிலைட் இணைப்பு. ஊரில் இருந்தபோது காசு கொடுத்து ஒரிஜினல் டிஸ்க் வாங்கி எடுத்து வந்திருக்கிறார். கடலுக்கு வந்து போட்டால் திறக்கவில்லை. 'என் கேபினில் இருப்பவன் திருட்டு காப்பி வைத்திருக்கிறான். அவனுக்கு ஓடுகிறது. நான் வாங்கியது எனக்கு ஓடவில்லை. ஏதாவது வழி இருக்கிறதா?' அவ்வளவுதான் கேட்டிருந்தார். கோபமாக ஒரு வார்த்தை கிடையாது.

எங்களிடம் எல்லாவற்றுக்கும் மேக்ரோ உண்டு. முன்கூட்டியே எழுதி வைத்த பதில், ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடும். இணைப்புப் பிரச்சினை என்றால் மோடத்தை அணைத்துப் போடுங்கள், ஃபயர்வாலைப் பாருங்கள், அப்புறமும் வரவில்லை என்றால் உங்கள் இணைய நிறுவனத்தைக் கேளுங்கள் என்று வரும். ஒரு டிக்கெட்டுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு இருந்தது. நான் அந்த மேக்ரோவைத்தான் அனுப்பினேன்.

72 மணி நேரத்துக்குள் பதில் வராத டிக்கெட்டை எங்கள் சிஸ்டமே மூடிவிடும். அவர் அதற்குள் நடுக்கடலுக்குப் போயிருப்பார். 'வாடிக்கையாளரிடமிருந்து பதில் வராததால் மூடப்பட்டது' என்று ஒரு வரி விழுந்தது. அன்றைய ரிப்போர்ட்டில் அது தீர்த்துவைத்த புகார்களின் கணக்கில் சேர்ந்தது.

கேம் ஆடாதவர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆடுகிறவர்களுக்கு நினைவு நீளமானது. 2010இல் யுபிசாஃப்ட் கம்பெனி 'அசாசின்ஸ் கிரீட் 2' கேமின் பிசி பதிப்பை இதே முறையில் வெளியிட்டது. மார்ச் மாதம் அதன் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளானபோது காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2012 மே 15 அன்று 'டயாப்லோ 3' வெளியான இரவில் சர்வர் நெரிசலால் உள்ளே நுழைய முடியாமல் லாகின் திரையில் வந்த 'எரர் 37' பெயர் சொன்னாலே இன்றும் அடையாளம் தெரிகிற ஒன்று. அப்புறம் 2013 மார்ச்சில் 'சிம்சிட்டி'. தனியாக ஒரு நகரத்தைக் கட்டி ஆள்கிற கேம் அது. முதல் வாரமே சர்வர்கள் திணறின. சுமையைக் குறைக்க, ஆட்டத்தை வேகமாக ஓட்டும் வசதியையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். அமேசான் அதன் டவுன்லோடு பதிப்பை விற்பதைத் தற்காலிகமாக நிறுத்தியது.

சிம்சிட்டி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கணக்குகளில் பெரும்பகுதி எங்கள் சர்வரில் நடக்கிறது, ஆஃப்லைனில் ஓட வைப்பது லேசில்லை என்று அதை உருவாக்கிய மேக்ஸிஸ் சொன்னது. சில நாட்களிலேயே ஒருவர் கேமின் புரோகிராமைத் திருத்தி, இணைப்பே இல்லாமல் நகரம் ஓடுவதைக் காட்டிவிட்டார். அதன் பிறகுதான், ஆஃப்லைன் வசதி செய்திருக்க முடியும், எங்கள் நோக்கத்துக்குப் பொருந்தாததால் வேண்டாம் என்று விட்டோம் என்கிற விளக்கம் வந்தது. ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், ஆஃப்லைன் வசதியையே கொடுத்தார்கள். முடியாது என்றது வேண்டாம் என்றாகி, கடைசியில் இதோ என்றாகிவிட்டது. இதைப் பார்த்த ஒருவர் அடுத்த கம்பெனியின் 'தொழில்நுட்பக் காரணத்தை' எப்படி நம்புவார்? சர்வர் திணறியதை மக்கள் மன்னித்துவிடுவார்கள். காரணம் மாறிக்கொண்டே போனதுதான் அவர்கள் மனதில் நின்றது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

அக்டோபர் தொடக்கத்தில் டீம் லீட் எங்கள் ஆறு பேரை மீட்டிங் ரூமுக்கு அழைத்தார். கம்பெனிக்காக வேலை செய்யும் ஒரு விளம்பர ஏஜென்சி எக்ஸெல் ஷீட் ஒன்றை அனுப்பியிருந்தது. ஆளுக்கு மூன்று கணக்கு. ஒவ்வொரு கணக்குக்கும் வயது, ஊர், குடும்பம், பிடித்த கேம் என்று தனித்தனி கட்டம். எனக்கு வந்த ஒன்று ஒஹாயோவில் இருக்கும் 38 வயது அப்பா, இரண்டு பிள்ளைகள், இரவில் பிள்ளைகள் தூங்கியதும் ஒரு மணி நேரம் விளையாடுபவர். இந்தப் பெயர்களில் ஃபோரம்களில், அதாவது கேம் ஆடுகிறவர்கள் கூடிப் பேசும் இணையதளங்களில், எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்பதற்கும் குறிப்பு இருந்தது. நேரடியாகக் கம்பெனியைப் புகழாதே. முதலில் ஒரு சின்னக் குறை சொல், அப்போதுதான் நம்புவார்கள். பிறகு 'எனக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை' என்று முடி.

பக்கத்து சீட்டில் திருநெல்வேலித் தம்பி ஒருவன் இருந்தான். வெளியே வந்ததும் கேட்டான். "அண்ணே, கியூல நாலாயிரம் டிக்கெட் கெடக்கு. நாமளே பிரச்சினை இல்லனு எழுதவா?"

டீம் லீட்டிடம் போய்க் கேட்டேன். "எல்லாரும் பண்றதுதான்பா. விளம்பரம்னு நெனச்சுக்கோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலிருந்து வந்தது, அவர் எங்களுக்குக் கொடுத்தார். எனக்கு அப்போது வீட்டுக் கடன் ஆரம்பித்திருந்த நேரம். உட்கார்ந்து எழுதினேன்.

எல்லாரும் செய்வது என்று அவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2006இல் சோனிக்காக ஒரு விளம்பர நிறுவனம், அதன் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பி வேண்டும் என்று ஏங்கும் சாதாரண ரசிகர்கள் எழுதுவதுபோல ஓர் இணையதளமே நடத்தி மாட்டிக்கொண்டது. 2010இல் ரிவர்ப் கம்யூனிகேஷன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல், அதன் ஊழியர்களே சாதாரண வாடிக்கையாளர்போல ஐட்யூன்ஸில் கேம்களுக்கு விமர்சனம் எழுதியதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்கு எடுத்தது. எழுதியதையெல்லாம் நீக்குவதாக ஒப்புக்கொண்டு முடித்தார்கள். 2015இல் யூடியூபில் கேம் வீடியோக்கள் வெளியிட்டுவந்த மெஷினிமா நிறுவனத்தின் மேலும் அதே ஆணையம் நடவடிக்கை எடுத்தது. மைக்ரோசாஃப்டின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸ் ஒன் பற்றி நல்லபடியாக வீடியோ போட யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்ததைப் பார்ப்பவர்களிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. அதாவது நாங்கள் அந்த அறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தது, அந்த ஊர்ச் சட்டத்தில் ஏற்கனவே தப்பு என்று முடிவான வேலை.

அக்டோபர் மூன்றாவது வாரம் ஃபோரமில் ஒரு புதுப் பதிவு. கப்பலில் வேலை பார்க்கிறேன், சிங்கப்பூரில் இறங்கியிருக்கிறேன், ஒரு மாதமாக நான் வாங்கிய கேமைத் திறக்க முடியவில்லை, சப்போர்ட்டில் எழுதினேன், மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள், டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள் என்று. படித்ததும் வயிற்றில் என்னவோ செய்தது. யார் என்று எனக்குத் தெரியும். மோடத்தை அணைக்கச் சொன்னது நான்தான்.

அந்தப் பதிவுக்கு நிறையப் பேர் ஆதரவாக எழுத ஆரம்பித்ததும் ஷீட்டில் அது சிவப்பாகியது. எனக்கு ஒதுக்கினார்கள். ஒஹாயோ அப்பாவின் பெயரில் எழுதினேன். கேம் கொஞ்சம் மெதுவாகத் திறக்கிறது என்பது உண்மைதான், மற்றபடி எனக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை, இந்தக் காலத்தில் நெட் இல்லாத இடம் எங்கே இருக்கிறது?

கால் மணி நேரத்தில் அவர் பதில் போட்டார். 'கடலில், ஐயா.'

அதற்கு மேல் அவர் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் கப்பல் கிளம்பியிருக்கும்.

நவம்பர் முதல் வாரத்தில் நாங்கள் பிடிபட்டோம். ஃபோரமில் பழைய ஆள் ஒருவர், 'எனக்குப் பிரச்சினை வரவில்லை' என்று சொல்லும் கணக்குகளை எல்லாம் வரிசைப்படுத்தி, எந்தெந்த நேரத்தில் எழுதியிருக்கின்றன என்று ஒரு வரைபடம் போட்டார். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்று வேறு வேறு ஊர்க்காரர்கள். ஆனால் எல்லாரும் தினமும் ஒரே முக்கால் மணி நேரம் அமைதியாக இருந்தார்கள். அது எங்கள் சாப்பாட்டு இடைவேளை. சனி, ஞாயிறு ஒருவரும் எழுதவில்லை. ஒஹாயோ அப்பா நான்கு இடத்தில் நம்மூர் ஆபீஸ் இங்கிலீஷில் 'கைண்ட்லி' என்று ஆரம்பித்திருந்ததையும் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தார்: அக்டோபர் 22, புதன்கிழமை, இந்தப் பதினெட்டு பேரும் ஏன் வாயே திறக்கவில்லை?

கீழே இன்னொருவர் எழுதினார்: 'அன்று தீபாவளி.'

அன்று இரவு ஃப்ளோரில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பி மட்டும் மெதுவாகச் சொன்னான். "பொறுமையா ஒக்காந்து கணக்குப் போட்டுருக்காரு பாருங்கண்ணே. எவ்வளவு புடிச்சிருந்தா இதெல்லாம் செய்வாரு." அவன் சொன்னதை நான் மறக்கவே இல்லை. கேமர்கள் எதையும் நம்பாத கூட்டம், எல்லாவற்றிலும் சதியைப் பார்ப்பவர்கள் என்று மீட்டிங்குகளில் அடிக்கடி சொல்வார்கள். அந்த வரைபடத்தைப் போட்டவர் சந்தேகப்பட்டதோடு நிற்கவில்லை, சரிபார்த்தார். சரியாகவும் இருந்தார்.

கணக்குகளை அழித்தார்கள். ஏஜென்சி மாறியது. கம்பெனி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இதற்கு அடுத்து நடந்ததைத்தான் என்னால் இன்று வரை ஜீரணிக்க முடியவில்லை.

நவம்பர் கடைசியில் சேவ்களை வேறு சர்வருக்கு மாற்றினார்கள். மாற்றும்போது பலருக்கு சேவ் காலியாகத் தெரிந்தது. உண்மையில் எதுவும் அழியவில்லை. இரண்டு நாள் பொறுத்தால் திரும்ப வந்துவிடும். அதற்குள் புது ஆட்டம் தொடங்கினால் மட்டும், பழையதன் மேல் புதியது எழுதிவிடும். இதைச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. இந்த முறை சப்போர்ட் என்ற அடையாளத்தோடு எழுதினேன். தயவுசெய்து 48 மணி நேரம் தொடாதீர்கள், உங்கள் ஆட்டம் பத்திரமாக இருக்கிறது என்று. மூன்று முறை எழுதினேன். நான் எழுதியதிலேயே நூற்றுக்கு நூறு உண்மையான செய்தி அதுதான்.

யாரும் நம்பவில்லை. 'இதையும் ஒஹாயோவிலிருந்துதான் எழுதுகிறீர்களா?' என்று கேட்டார்கள். நேரம் கடத்துகிறார்கள், சேவ் போய்விட்டதை மறைக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வெறுத்துப்போய்ப் பலர் புது ஆட்டம் தொடங்கினார்கள். அவர்களுடைய பழைய சேவ் அந்த நிமிடத்தில்தான் அழிந்தது. ஒரு பெண், தன் தம்பியோடு மாறி மாறி ஆடி 140 மணி நேரம் சேர்த்திருந்த ஆட்டம் போய்விட்டது என்று எழுதியிருந்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. எங்களை நம்பாமலிருக்க அவருக்கு நாங்களே காரணம் கொடுத்திருந்தோம். அந்த டிக்கெட்டுக்கு மேக்ரோ இல்லை. மன்னிப்புக் கேட்டுக் கையால் எழுதினேன். பொங்கலுக்கு முன்னால் வேலையை விட்டேன்.

இப்போது வேறொரு கேம் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். சோதிக்க வரும் கேமின் ஒவ்வொரு பில்டிலும் (புதுப் பதிப்பிலும்) நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது என் பட்டியலில் முதல் வேலை. யாரும் கேட்காமல் நானே சேர்த்தது. விளையாடுகிறவர்களுக்குப் பதில் எழுதும்போது என் பெயர், என் கம்பெனி, என் வேலை மூன்றையும் முதல் வரியிலேயே போட்டுவிடுவேன்.

இதற்குள் பிரச்சினை இன்னும் ஒரு படி போயிருக்கிறது. 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் 'தி குரூ' கேமின் சர்வரை நிறுத்தியபோது, தனியாக ஆடக்கூடிய பகுதியும் சேர்ந்து செத்தது. வாங்கியவர்கள் கையில் இருந்த டிஸ்க் வெறும் பிளாஸ்டிக் ஆனது. அதை வைத்துத் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவுக்கு 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்துவிட்டது. கலிஃபோர்னியாவில், நீங்கள் வாங்குவது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தைத்தான் என்பதை விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2025 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கிறது. அந்தக் கையெழுத்துகளைப் பார்த்தபோது எனக்குக் கப்பல்காரர் ஞாபகம்தான் வந்தது.

போன மாதம் ஒருவர் என்னிடம் கேட்டார். 'உங்கள் சர்வரை நிறுத்தும் நாளில் நான் வாங்கிய கேம் ஓடுமா, ஓடாதா?' எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று என் பெயரில் பதில் எழுதினேன். மேலே மெயில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை நினைவூட்டிவிட்டேன். இங்கேயும் பதில் வராத டிக்கெட் தானாக மூடும். அதை மட்டும் மூடாதபடி தினமும் காலையில் வந்ததும் ஒருமுறை திறந்து வைக்கிறேன்.