ட்ரம் நோட்டு

வருடாந்திர மருத்துவப் பரிசோதனை எங்கள் கழிவுக் கிடங்கில் ஒரு சடங்கு மாதிரி. ரத்தம் எடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், ஒரு வாரம் கழித்து ‘வேலைக்குத் தகுதி’ என்று முத்திரை குத்திய தாள் வரும். அந்த முறை எனக்கு வந்த தாளில் முத்திரை இல்லை. ஈரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடுகிற இரண்டு என்சைம்கள்: எஸ்ஜிபிடி 186, எஸ்ஜிஓடி 94. இரண்டுக்கும் பக்கத்தில் அச்சிட்டிருந்த மேல் வரம்பு 40.

கண்ணில் மஞ்சள் இல்லை, சிறுநீரில் நிறமாற்றம் இல்லை. கொஞ்ச நாளாகப் பசி மந்தம், மேல்வயிற்றில் ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். ஷிப்ட் மாறினால் வருகிற கோளாறு என்று விட்டிருந்தேன்.

முதலில் பார்த்த மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “குடிப்பீங்களா?”

“எப்பவாவது” என்றேன்.

அந்த ‘எப்பவாவது’ போதுமானதாக இருந்தது. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. குடியை நிறுத்துங்க, எடையைக் குறைங்க, மூன்று மாதம் கழிச்சு வாங்க. மாதத்துக்கு ஒருமுறை நண்பர்களோடு உட்காருவேன், அதையும் விட்டேன். ஆறு வாரத்திலேயே பொறுமை போய் மறுபடி ரத்தம் கொடுத்தேன். எஸ்ஜிபிடி 203.

என் வேலை என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஆலைகள் பயன்படுத்தி முடித்த கரைப்பான்கள் எங்களிடம் ட்ரம்களில் வரும். மூடியைத் திறந்து பார்த்து, வகை பிரித்து, பெரிய தொட்டிக்குப் பம்ப் செய்வோம். அடியில் தங்கிய சேற்றைச் சுரண்டி எடுத்து, காலி ட்ரம்மைக் கழுவி அடுக்குவோம். காலி என்பது பேருக்குத்தான். வெயிலில் கிடந்த காலி ட்ரம்மின் மூடியைத் திருகினால் முகத்தில் அடிக்கிற ஆவி, நிறைந்த ட்ரம்மில்கூட அப்படி அடிக்காது. கையில் ஒட்டிய பசையைத் தின்னர் தொட்டுத் துடைப்போம், சோப்பைவிடச் சீக்கிரம் போகும். அந்தப் பகுதிக்கு நான் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி 29. பழைய தாளைப் பத்திரமாக வைத்திருந்தது பின்னால் ரொம்ப உதவியது.

இரண்டாவதாகப் போனது ஒரு கல்லீரல் மருத்துவரிடம். அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன வேலை பார்க்கறீங்க?”

“கழிவு, மேடம்.”

“என்ன கழிவு?”

“கெமிக்கல்.”

“எந்தக் கெமிக்கல்?”

என்னிடம் பதில் இல்லை. நான்கு மாதமாகத் தினமும் கையால் தொடுகிற பொருளின் பெயர் எனக்குத் தெரியாது. ட்ரம்மில் ஒட்டியிருக்கும் லேபிள் ‘கலப்புக் கரைப்பான்’ என்று சொல்லும், நாங்களும் அப்படியே சொல்வோம்.

அவர் அவசரப்படவில்லை. ஹெபடைடிஸ் பி, சி பார்க்கச் சொன்னார்; கழிவில் ஊசி கிடக்கும், குத்தியிருக்கலாம். வயிற்று ஸ்கேன் எழுதினார். சாப்பிடுகிற மாத்திரை, மூலிகை எல்லாவற்றையும் கேட்டார். சிகே என்று ஒரு சோதனை. பாரம் தூக்குகிறவர்களுக்குத் தசையிலிருந்தும் இதே என்சைம்கள் ரத்தத்தில் கசியுமாம், அதை ஒதுக்கிவிட வேண்டும் என்றார். எல்லாமே சுத்தமாக வந்தன. “குடியால வர்ற ஈரல் கோளாறுல பெரும்பாலும் எஸ்ஜிஓடிதான் கூட இருக்கும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. ஆனா இதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது” என்றவர், சட்டென்று கேட்டார்: “குடிச்சா முகம் சிவக்குதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரிசோதனைக்குச் சில வாரம் முன்பு, அரை கிளாஸ்கூடக் காலியாகவில்லை, முகம் கழுத்து மார்பு எல்லாம் தீயாய்ச் சிவந்து நெஞ்சு படபடவென்று அடித்தது. நண்பர்கள் சிரித்தார்கள். நானும் அலர்ஜி என்று மறந்திருந்தேன்.

அவர் ஒரு பெயரைத் தாளில் எழுதினார்: டைமெத்தில் ஃபார்மமைடு, சுருக்கமாக டிஎம்எஃப். செயற்கைத் தோல், செயற்கை இழை, மருந்து ஆலைகளில் புழங்குகிற கரைப்பான். லேசான மீன் வாடை. மூக்கு வழியாக மட்டும் இல்லை, தோல் வழியாகவும் உள்ளே போகும். உடம்பில் அது மாறும்போது, சாராயத்தின் இடைப்பொருளை அப்புறப்படுத்துகிற நொதியைத் தடுத்துவிடும். அதனால்தான் அந்தச் சிவப்பு. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் சில மாதங்களிலேயே ஈரல் வீங்குவது உண்டு. குடி சம்பந்தப்பட்டதுதான், ஆனால் முதல் மருத்துவர் நினைத்த வழியில் இல்லை.

சந்தேகம் சரி, ஆதாரம்? இங்கேதான் நாட்கள் ஓடின. ஒரு ரசாயனத்தின் ஆபத்தையும் பாதுகாப்பு முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளைச் சூப்பர்வைசரிடம் கேட்டேன். “ஆபீஸ்ல இருக்கும்” என்றார். ஆபீஸில், அனுப்பின ஆலையைக் கேட்கணும் என்றார்கள். இரண்டு முறை வாயால் கேட்டேன். மூன்றாம் முறை தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஐந்தாம் நாள் தாள்கள் வந்தன. பதினாறு பகுதிகள் இருந்தாலும் என் போன்றவன் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: கையுறை, சுவாசக் கவசம் பற்றிச் சொல்லும் எட்டாவது, உடம்பை என்ன செய்யும் என்று சொல்லும் பதினொன்றாவது. அதில் ‘கல்லீரல்’ என்று அச்சிலேயே இருந்தது. கையுறைக்கு பியூட்டைல் ரப்பர் என்று போட்டிருந்தது. நாங்கள் போட்டுக்கொண்டிருந்தது மெல்லிய நைட்ரைல். டிஎம்எஃப் அதைச் சீக்கிரம் ஊடுருவிவிடும். முகத்தில் தூசுக்கான மாஸ்க். தூசை அது பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும்.

கூடவே ஒரு நோட்டு போட்டேன். தேதி, ட்ரம் எண், எந்த ஆலைச் சரக்கு, திறந்தேனா கழுவினேனா, எத்தனை மணி நேரம், என்ன கையுறை, அன்றைக்கு உடம்பு எப்படி. மருத்துவர் என் நினைவை நம்பவில்லை, நோட்டை நம்பினார். என் நினைவை நானும் நம்பியிருக்கக் கூடாதுதான்.

டிஎம்எஃப் உடம்பில் மாறி உண்டாகிற பொருளைத் தேடும் சிறுநீர்ச் சோதனையில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு, வேலைக்குப் போகுமுன் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. “எப்போ கொடுத்தீங்க?” என்று கேட்டு மருத்துவர் தலையில் கைவைத்தார். அந்தப் பொருள் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். வேலை நாளில், ஷிப்ட் முடிந்த கையோடு கொடுக்க வேண்டும். மறுபடி கொடுத்தபோது முடிவு வேறு கதை சொன்னது.

அடுத்து அவர் தரவிருந்த கடிதம். எனக்கு இருந்த பெரிய பயம் ஈரல் இல்லை, ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்ற வரி. அதை வெளிப்படையாகச் சொன்னேன். அவர் ‘எட்டு வாரத்துக்குக் கரைப்பான் கையாளும் பணியிலிருந்து விலக்கி வேறு பணி தரவும், பின் மறுபரிசோதனை’ என்று எழுதித் தந்தார். இந்த வாக்கிய வித்தியாசம் ஒரு மனிதனின் சம்பளம். பழைய எடைமேடைக்கே போனேன். ஓவர்டைம் போச்சு, அதற்கு யாரும் ஈடு தரவில்லை.

மூன்றாம் வாரம் எஸ்ஜிபிடி 88. எட்டாம் வாரம் 36. எடையும் குறையவில்லை, மருந்தும் சாப்பிடவில்லை. குடியை விட்டு ட்ரம்மோடு இருந்த ஆறு வாரத்தில் ஏறியது, ட்ரம்மை விட்ட மூன்றாம் வாரமே பாதிக்கு மேல் இறங்கியது. இதைவிடத் தெளிவாக என்னால் யாரிடமும் விளக்க முடியவில்லை.

என்சைம் இறங்கினால் எல்லாம் முடிந்ததென்று எடுத்துக்கொள்ளாதீங்க என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எண் நார்மலாக இருந்தும் ஈரலில் கொழுப்பும் அழற்சியும் இருந்தது, பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடைக் கையாண்ட தொழிலாளர்களிடம் தெரிந்திருக்கிறது. அதே பொருளைப் பற்றி அவர் இன்னொன்றும் சொன்னார். 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரே ஆலையில் மூன்று தொழிலாளர்களுக்கு ஈரலில் மிக அபூர்வமான ஒரு புற்றுநோய் வந்திருந்தது வெளியானது. ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் தலைவிதி என்று போயிருக்கும்.

அதைக் கேட்ட பிறகுதான் ட்ரம் பகுதியில் இருந்த மற்றவர்களின் தாள்களைக் கேட்டேன். ஆறு பேரில் நான்கு பேர் காட்டினார்கள். இருவருக்கு வரம்புக்கு மேல். அதை வைத்துப் பேசியதில் பியூட்டைல் கையுறையும் கரி வடிகட்டிக் கவசமும் வந்தன, தின்னர் டப்பா போனது. காற்றோட்ட விசிறி இன்னும் ‘வருகிறது’. நானும் பகுதிக்குத் திரும்பிவிட்டேன், மாதம் ஒரு ரத்தப் பரிசோதனையோடு.

தாள் காட்டாத இருவரில் ஒருவர் எங்களில் மூத்தவர், பதினோரு வருடமாக ட்ரம் கழுவுகிறவர். “நான் தினம் குடிக்கிறவன் தம்பி. எது வந்தாலும் குடின்னுதான் எழுதுவான். எதுக்கு?” என்றார். குடியும் இந்தக் கரைப்பான்களும் சேர்ந்தால் ஈரலுக்கு இரட்டை அடி அண்ணே, உங்களுக்குத்தான் முதலில் பார்க்கணும் என்றேன். அவர் சோதனைக்கு இன்னும் போகவில்லை. ஆனால் போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உன் நோட்டுல எனக்கும் ஒரு பக்கம் போடு, நான் நம்பர் சொல்றேன், நீ எழுது” என்றார். ஒன்பது ட்ரம் சொன்னார். எழுதியிருக்கிறேன்.