மூன்று பக்வீட் ரகங்கள், ஒரு பருவம்

ஜூன் 6
விதைப்பு முடிந்தது. பக்வீட் என்பது தானியம்போல் மாவாக்கிச் சாப்பிடும் மணி, பெயரில் 'வீட்' இருந்தாலும் கோதுமை இல்லை. சாதா பக்வீட்டில் பெரிய மணி ரகம் ஒன்று, சின்ன மணி ரகம் ஒன்று, அப்புறம் அதன் உறவான வேறு இனம், டார்டாரி பக்வீட். ஒவ்வொரு ரகத்துக்கும் மூன்று பாத்தி, அதுவும் இடம் மாற்றி மாற்றி. வயலின் தாழ்வான ஓரத்தில் ஈரம் அதிகம், ஒரே ரகம் முழுக்க அங்கே விழுந்தால் ஈரம் கொடுத்த விளைச்சலை ரகத்தின் கணக்கில் எழுதிவிடுவேன். தழைச்சத்து போடவில்லை, போட்டால் செடி வளர்ந்து சாய்ந்துவிடும்.

ஜூலை 12
பூத்துவிட்டது! லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாதா பக்வீட்டில் ஒரு செடியின் பூவில் சூல்தண்டு நீளம், மகரந்தத்தாள் குட்டை. பக்கத்துச் செடியில் அப்படியே தலைகீழ். இந்த இரண்டு வகைக்கும் நடுவே தேனீ போய்வந்தால்தான் மணி பிடிக்கும். டார்டாரியின் பச்சைப் பூக்களுக்கு அந்தக் கவலை இல்லை, தன் மகரந்தமே போதும்.

ஜூலை 27
நாலு நாளாக வெயில் 30 டிகிரிக்கு மேல். பெரிய மணி ரகத்தில் பூ கருகி உதிர்கிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

செப்டம்பர் 3
சாதா ரகங்கள் அறுவடை. ஒரே கிளையில் கறுத்த மணி, பச்சை மணி, இன்றைக்கு விரிந்த பூ மூன்றும் இருக்கின்றன. முக்கால்வாசி பழுத்ததுமே அறுத்துவிட வேண்டும், மீதிக்காகக் காத்திருந்தால் முதலில் முற்றியது மண்ணில் கொட்டிவிடும். பனி ஈரம் காய்வதற்குள் அறுத்தேன்.

செப்டம்பர் 16
டார்டாரியும் வந்து, எல்லாம் காய்ந்து, எடை போட்டாயிற்று. அத்தனை பூ உதிர்ந்தும் பெரிய மணிதான் முதலிடம், ஆனால் சின்ன மணியை உமி நீக்கிப் பருப்பாக நிறுத்தால் இடைவெளி பாதிகூட இல்லை. டார்டாரி கடைசி. அதன் உமி பருப்போடு ஒட்டிக் கிடக்கிறது, உடைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இனி சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பருப்பு என்றுதான் எழுதப்போகிறேன்.

செப்டம்பர் 18
இன்று மாவு. புரதத்தில், அதன் கூறான லைசின் என்ற அமினோ அமிலத்தில் இரண்டு இனமுமே நல்ல தானியம், வித்தியாசம் ருட்டின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளில்தான். சாதா மணியில் 0.01% அளவுக்கு இருப்பது, டார்டாரியில் 0.8 முதல் 1.7% வரை இருக்கும். விளைச்சல் எத்தனை குறைந்தாலும் இந்த இடைவெளியை எந்தச் சாதா ரகமும் நிரப்பாது, அதனால் டார்டாரியைக் கைவிடும் எண்ணமே எனக்கு இல்லை. சிக்கல் கசப்பு. தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவு கண்ணெதிரே மஞ்சளாகி, கொஞ்ச நேரத்தில் நாக்கில் வைக்க முடியாமல் போனது: மணியிலேயே இருக்கும் நொதி ஈரம் பட்டதும் ருட்டினை உடைத்துவிடுகிறது. இந்த நொதி குறைந்த டார்டாரி ரகத்தை ஜப்பானில் உருவாக்கியிருக்கிறார்கள், பெயர் மன்டென் கிராரி. என்னிடம் அந்த விதை இல்லை. நாளை கொஞ்சம் மணியை ஆவியில் வைத்து, நொதியைச் செயலிழக்கச் செய்து, காயவைத்து அரைத்துப் பார்க்கிறேன்.