பொறுத்திட்டம்

இன்றைக்கு அதே சொல்லை மறுபடி மொழிபெயர்க்கச் சொன்னாலும் நான் அதையேதான் சொல்வேனோ என்னவோ. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

பாக்குநீரிணையில் மீன்பிடிப்பது பற்றி இந்திய, இலங்கை மீனவர் நடத்திய பேச்சுகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2014 இல் சென்னை, பிறகு கொழும்பு, 2015 இல் மறுபடி சென்னை, 2016 இல் புதுடில்லி. இதில் எது என்பது வேண்டாம். நான் உரைபெயர்ப்பாளராக இருந்த ஒரு அறை, அவ்வளவுதான்.

மேசையின் இரண்டு பக்கமும் கடலுக்குப் போகிறவர்கள் தமிழர். இவர் “அண்ணே” என்கிறார், அவர் “தம்பி” என்கிறார். என்னுடைய தேவை அவர்களுக்குப் பின்னால் கோட் போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான். கொழும்புக்காரருக்குச் சிங்களத்தில், டில்லிக்காரருக்கு ஆங்கிலத்தில். உள்ளே போகுமுன் எங்கள் இலங்கைப் பக்கத்து அதிகாரி ஒருவர் சொன்னார்: “டில்லிக்காரர் பெரிய ஆட்கள், நமக்கு வேண்டியவர்கள். சொல்லைப் பார்த்துப் போடுங்கள்.” அதட்டலாகச் சொல்லவில்லை. பரிவாகத்தான் சொன்னார்.

இராமேஸ்வரம் பக்கத்துப் பிரதிநிதி கேட்டார்: “மூணு வருஷம் டைம் குடுங்கண்ணே, இழுவலையை விட்டுட்டு ஆழ்கடலுக்குப் போயிடுறோம்.” எங்கள் வடக்குப் பெரியவர் உடனே பேசவில்லை. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம், “நாங்கள் பொறுத்திட்டம் தம்பி. திங்கள், புதன், சனி எங்கட பெடியள் கரையிலதான். இனி நீங்கள்தான் சொல்ல வேணும்” என்றார்.

அந்த மூன்று நாளும் றோலர்கள், அதாவது கடலடியை வாரும் இழுவலையோடு வரும் இந்திய விசைப்படகுகள், வரும் நாள். இரவில் வலை விட்டால் விடியும்போது அறுந்த கயிறுதான் மிஞ்சும். அதனால் எங்கள் சின்னப் படகுக்காரர் வாரத்தில் ஏறக்குறைய பாதியை விட்டுக்கொடுத்திருந்தார்கள். எதிரே இருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, அவர் தலையைக் குனிந்துவிட்டார். விளக்க வேண்டியது காதுக் கருவி மாட்டி என் குரலைக் கேட்டவர்களுக்கு.

நான் ஆங்கிலத்தில் “பேஷன்ட்” என்ற சொல்லைப் போட்டேன். நாங்கள் பொறுமையாக இருந்திருக்கிறோம் என்று. (ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரையும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறோம் என்பது அன்றிரவுதான் உறைத்தது.) டில்லி அதிகாரியின் முகம் இளகியது. எழுதிக்கொண்டார். கூட்டக் குறிப்பில் “வடக்கு மீனவர் காட்டிய பொறுமைக்குப் பாராட்டு” என்று ஒரு வரி வந்தது.

சொல் பிழையா? இல்லை. எந்த அகராதியைப் புரட்டினாலும் பொறுத்தல் என்றால் பொறுமையாக இருத்தல். தாங்குதலும் அதுதான், மன்னித்தலும் அதுதான், காத்திருத்தலும் அதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே மொழிபெயர்ப்பவளுக்கு இரண்டு வினாடி கிடைத்தால் பெரிது. கிடைத்த நல்ல சொல்லைப் போட்டேன்.

ஆனால் அவர் “பொறுத்துக்கொண்டிருக்கிறம்” என்று சொல்லவில்லை. “பொறுத்திட்டம்” என்றார். அந்த “இட்டம்” முடிந்துபோனதைச் சொல்வது. எங்கள் வீட்டில் அம்மா அப்படிச் சொன்னால் அடுத்த வார்த்தைக்கு யாரும் நிற்க மாட்டோம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த இரண்டு வினாடியில் எனக்கு இன்னொரு சொல்லும் வந்தது. “போதும்” என்கிற வாடையுள்ள சொல். அதைத் தள்ளிவிட்டுத்தான் இதை எடுத்தேன். தள்ளியது என் தொழிலறிவா, அந்த அதிகாரியின் பரிவான குரலா?

சின்ன நாட்டின் மேசையில் எல்லாருமே கொஞ்சம் மொழிபெயர்ப்பாளர்தான் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அமைச்சர்களே பார்த்துத்தானே பேசுகிறார்கள். 2016 நவம்பரில் அமைச்சர் மட்டத்தில் ஒத்துக்கொண்டதும் இழுவலையை “இயன்றளவு விரைவில்” நிறுத்துவது என்றுதான். அதில் திகதி இல்லை. 2017 இல் கொழும்பு சட்டம் போட்டே தடைசெய்தது, றோலர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 2022 இல் நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது சுமார் 400 கோடி டொலர் உதவி வந்ததும் அதே டில்லியிலிருந்துதான். இவ்வளவுக்கு நடுவே என்னுடைய ஒரு சொல் எதை மாற்றியிருக்கும்?

ஒன்றையும் மாற்றியிருக்காது. அப்படியென்றால் சரியான சொல்லையே போட்டிருக்கலாமே. இந்த இடத்தில் வந்து நிற்கும்போது என் சமாதானம் எனக்கே உதவுவதில்லை.

தேத்தண்ணீர் இடைவேளையில் பெரியவர் பக்கத்தில் வந்தார். “என்னண்டு சொன்னனீ பிள்ளை?” என்று கேட்டார். “பொறுமையா இருந்தம் எண்டு சொன்னன் ஐயா” என்றேன். கோப்பையைக் கொஞ்ச நேரம் ஊதினார். “ம்ம். அதுவும் சரிதான்” என்றார்.

“அதுவும்” என்றதில் இருந்த அந்த “உம்”மை இன்னும் என்னால் எந்த மொழியிலும் பெயர்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்திருந்தேன், சந்தேகம் வந்தால் பேசுகிறவரையே கேட்டுவிடுவது என்று. சில வருடம் கழித்து வேறொரு கூட்டத்தில் ஒருவர் “இனிப் பொறுக்கேலாது” என்றார். நான் நிறுத்தினேன். அதிகாரிகள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். “ஐயா, இதை எப்பிடிச் சொல்லட்டும்? இருக்கிறபடியே சொல்லட்டா?” என்று கேட்டேன்.

அவர் முன்னால் இருந்த பெயர்ப்பலகைகளை ஒருமுறை பார்த்தார். “நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ பிள்ளை” என்றார்.