நேராகப் பார்க்கச் சொன்னேன்

சென்னையில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வையைப் பரிசோதிப்பவளாகச் சேர்ந்த முதல் வருடம். போர்டில் எழுத்துகளைப் படிக்க உட்கார்ந்த பெரியவர், ஒவ்வொரு எழுத்துக்கும் முகத்தை ஓரமாகத் திருப்பினார். "நேராப் பாருங்க ஐயா" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை குரல் உயர்ந்துவிட்டது.

"நேராப் பார்த்தா எழுத்தே இல்லம்மா. ஸ்டாப்பிங்லயும் அப்படித்தான். பஸ் வர்றது தெரியுது, 29சி-யான்னு பார்த்தா நம்பர் மட்டும் காணாமப் போயிடுது" என்றார்.

அப்புறம், விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்தோம். நல்ல கண்ணின் ஸ்கேனில் விழித்திரையின் நடுவே சின்னதாக ஒரு குழி தெரியும். அதுதான் ஃபோவியா. அகலம் 1.5 மில்லிமீட்டர்தான். எனக்கு இன்றும் ஆச்சரியம் தீராத இடம் அது. விழித்திரையின் மற்ற பகுதிகளில் நரம்பு அடுக்குகளையும் ரத்தக் குழாய்களையும் கடந்துதான் ஒளி உள்ளே போக வேண்டும். குழியின் நடுவில் அவை எல்லாம் ஒதுங்கி வழிவிடுகின்றன. ஒளியை உணரும் கூம்பு செல்களில் ஒளி நேராக விழுகிறது. அங்கே ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2 லட்சம் கூம்புகள் நெருக்கியடித்து நிற்கின்றன.

நெருக்கம் மட்டும் போதாது. விழித்திரையின் ஓரத்தில் பல செல்கள் சேர்ந்து ஒரே நரம்பிழையில் செய்தி அனுப்புகின்றன. நாலு குடித்தனத்துக்கு ஒரே கரண்ட் மீட்டர் மாதிரி. யார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஃபோவியாவில் ஒவ்வொரு கூம்புக்கும் தனி மீட்டர். எழுத்தின் வளைவும் புள்ளியும் பிரிந்து தெரிவது அதனால்தான். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் மிகத் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய அந்த அகலம்தான். கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை.

பெரியவரின் ஸ்கேனில் குழியே இல்லை. அந்த இடத்தில் தழும்பு மேடிட்டிருந்தது, இரண்டு கண்ணிலும். நடு போனவர்களுக்கு, விழித்திரையில் பழுதில்லாத பக்கத்து இடத்தைப் பயன்படுத்திப் பார்க்க நாங்கள் பயிற்சி கொடுப்பதுண்டு. அவர் அதை யாரும் சொல்லாமல் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். நான்தான் அதைத் தடுத்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டு மறுபடி உட்கார வைத்தேன். "உங்களுக்கு எப்படித் தோதோ அப்படிப் பாருங்க ஐயா" என்றேன். முகத்தை இடப்பக்கம் திருப்பி, நிதானமாக மூன்று வரி படித்தார்.