18ஆம் நூற்றாண்டு பிரிட்டன் உருவப்படங்கள்: தேர்வுக்கு நான் படித்த விதம்

கலை வரலாற்றுத் தேர்வில், உருவப்படம் ஒருவரின் அந்தஸ்தையும் குணத்தையும் எப்படிக் காட்டுகிறது என்ற கேள்வி வராமல் போகாது. பலர் பட்டு, தூண், திரைச்சீலை, நாய் என்று அடையாளங்களை அடுக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி விடைதான். ஓவியர் எந்த மரபை எடுத்துக்கொண்டார், அதை எங்கே மீறினார் என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்தஸ்து பெரும்பாலும் மரபில் இருக்கிறது. குணம் மீறலில் தலைகாட்டுகிறது.

இதற்கு எனக்கு மிகவும் கைகொடுத்தது, ஹோகார்த் 1740இல் வரைந்த கேப்டன் தாமஸ் கோரம் படம். தூண், திரைச்சீலை, ஆளுயர அளவு எல்லாமே பிரபுக்களுக்கு உரியவை. உட்கார்ந்திருப்பவரோ கைவிடப்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் நிறுவிய கடலோடி வணிகர். தலையில் விக் இல்லை, சொந்த நரைமுடிதான். சிவப்புக் கோட்டு, தரையை எட்டியும் எட்டாமலும் இருக்கும் குட்டைக் கால்கள். கையில் அந்தக் காப்பகத்துக்கு அனுமதி தந்த 1739ஆம் ஆண்டு அரச சாசனத்தின் முத்திரை. பிறப்பால் வராத மதிப்பைச் செயல் பெற்றுத் தந்தது என்பதை ஹோகார்த் அந்த ஒரு முத்திரையிலேயே சொல்லிவிடுகிறார். இந்தப் படத்தை மட்டும் நிதானமாகப் பார்த்தாலே ஒரு முழுப் பத்தி எழுதலாம்.

கெயின்ஸ்பரோவின் 'திரு, திருமதி ஆண்ட்ரூஸ்' (சுமார் 1750) படத்தில் முகங்களைவிட நிலத்தைக் கவனியுங்கள். வரிசை பிடித்து விளைந்த வயல், புதிய முறையில் விதைக்கும் நில உரிமையாளரைக் காட்டுகிறது. கணவரின் கையிடுக்கில் துப்பாக்கி இருக்கிறது. அன்றைய வேட்டைச் சட்டப்படி, போதிய சொத்து உள்ளவருக்கே வேட்டையாடும் உரிமை இருந்தது. இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டால் உங்கள் விடைக்குக் கனம் கூடும். மனைவியின் மடியில் ஓரிடம் வரையப்படாமலே நிற்கிறது. அதற்குக் கதை கட்டிக்கொண்டு நேரத்தைச் செலவிடாதீர்கள்.

தொழிலதிபர்களுக்கு டெர்பியைச் சேர்ந்த ஜோசப் ரைட் வரைந்த, பஞ்சாலை அதிபர் ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் படம் (1789–90) போதும். முன்பு முடிதிருத்துநராக இருந்த அந்த மனிதர் தொந்தியை மறைக்காமல் அமர்ந்திருக்கிறார். பக்கத்து மேசையில் பருத்தி நூற்பு இயந்திரத்தின் உருளைகள்.

ஓர் எச்சரிக்கை: முகத்தைப் பார்த்து 'கருணை உள்ளவர்', 'கர்வம் பிடித்தவர்' என்று எழுதிவிடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை காசு கொடுத்து வரையச் சொன்னவை. எப்படித் தோன்ற வேண்டும் என்பதில் அமர்ந்தவருக்கும் பங்கு உண்டு. ரெனால்ட்ஸ் 1752–53இல் கடற்படை அதிகாரி கெப்பலை, கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் பழைய சிலை ஒன்றின் நிலையில், கொந்தளிக்கும் கடலோரத்தில் நடக்கவிட்டார். அங்கே வீரத்தைச் சொல்வது நடை. முகம் அதற்குத் துணை மட்டுமே.

பயிற்சிக்கு நடிகை சாரா சிடன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரெனால்ட்ஸ் 1784இல் அவரை மேகங்களுக்கு நடுவே, அரியணையில் அமர்ந்த துன்பியல் தேவதை ஆக்கினார். மறு ஆண்டே கெயின்ஸ்பரோ கோடுபோட்ட நீல உடையும் பெரிய கறுப்புத் தொப்பியும் அணிந்த நாகரிகச் சீமாட்டியாக வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நடிகைக்கு எது அதிக உயர்வு என்று நீங்களே ஒரு பக்கம் வாதிட்டு எழுதிப் பாருங்கள்.